கதை அல்லாத புத்தகங்கள்: நூலகரிடம் கேளுங்கள்

மாவட்ட மைய நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரை, வரலாறு, அறிவியல் நூல்கள் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

கோவை கல்லூரி மாணவி: சார், நாவல் என்றால் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். கட்டுரை நூலில் இருபது பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. எதில் தொடங்கலாம்?

தன்வரலாற்றில் தொடங்குங்கள் அம்மா. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் சிறியவை, அடுத்தது என்ன என்ற இழுப்பும் இருக்கும். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப் நீதிபதியாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. அங்கே தொடங்கிய தேடல்தான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வந்தது. இப்படி ஒரு திருப்பம் நாவலில்கூட அபூர்வம்.

அடுத்து தொ.பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’. உப்பு, எண்ணெய், உணவு என்று வீட்டுக்குள் இருக்கும் பொருள்களைப் பற்றிய சிறிய கட்டுரைகள். பேருந்துப் பயணத்தில் இரண்டு படித்துவிடலாம்.

சென்னை வாசகர்: ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனால் அட்டையைப் பார்த்து மயங்கி அள்ளிக்கொண்டு வருகிறேன். பாதி தேறுவதில்லை. நல்ல நூலா என்று நின்ற இடத்திலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

நூலைப் பின்பக்கத்திலிருந்து திறந்து பாருங்கள். இந்தத் தகவல் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறாரா? துணைநூல் பட்டியல், அடிக்குறிப்பு, பெயர் அடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்), இவற்றில் ஏதாவது இருக்க வேண்டும். அடைவு தயாரிப்பது பெரும்பாடு. அதைச் செய்த பதிப்பகம் மற்ற வேலைகளிலும் அக்கறை காட்டியிருக்கும். வரலாற்று நூலில் இவை எதுவுமே இல்லாவிட்டால் நான் கீழே வைத்துவிடுவேன்.

பிறகு பதிப்பு விவரம் இருக்கும் பக்கம். முதல் பதிப்பு எந்த ஆண்டு? மொழிபெயர்ப்பு என்றால் மூல நூலின் பெயரும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருக்கின்றனவா? மொழிபெயர்ப்பாளர் பெயரையே போடாமல் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அநியாயம், அப்படிப்பட்ட நூலை வாங்காதீர்கள்.

கடைசியாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அந்த நூலில் தேடுங்கள். உங்கள் சொந்த ஊரோ நீங்கள் பார்க்கும் தொழிலோ எதுவானாலும் சரி. அதிலேயே தப்பும் தவறுமாக எழுதியிருந்தால் தெரியாத விஷயத்தில் அவரை நம்ப முடியாது. கண்காட்சியில் கொடுக்கும் பத்து சதவீதத் தள்ளுபடிக்காக அவசரப்பட வேண்டாம். சந்தேகமான நூலைக் குறித்துக்கொண்டு வந்து, கன்னிமாராவிலோ அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

திண்டிவனம் இளைஞர்: அண்ணா, வாங்க வசதியில்லை. டெலிகிராமில் பிடிஎப் வருகிறது, படிக்கலாமா?

வேண்டாம் தம்பி. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பது அது. இலவசமாகவே முறைப்படி கிடைப்பவை ஏராளம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் நூல் பொதுச் சொத்து. அதற்கு முன்பே தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்துப் பலருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சுப் பக்கங்களை அப்படியே வருடி (ஸ்கேன் செய்து) வைத்திருக்கிறார்கள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமே அங்கே இருக்கிறது! விக்கிமூலம், மதுரைத் திட்டம் ஆகிய இணையதளங்களில் தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைப்பதால் சொல் தேடலாம், செல்போனில் படிக்கவும் எளிது.

யாழ்ப்பாண ஆசிரியர்: ஐயா, எங்கள் பக்கத்துப் பழைய இதழ்களும் சிறு வெளியீடுகளும் எங்கே கிடைக்கும்?

இணையத்தில் ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தைப் பாருங்கள். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது போனவற்றில் பல திரும்பக் கிடைக்காதவை. கோயில் மலர், பள்ளி மலர், நினைவு மலர் வரை இவர்கள் சேர்ப்பதன் அருமை அதனால்தான். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் வருடிக்கொள்ளக் கொடுங்கள்.

மேலூர் வாசகர்: எங்கள் ஊர் வரலாற்றை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

நல்ல ஆசை, விடாதீர்கள். மதுரைப் பகுதி என்பதால் 1868இல் வந்த, ஆங்கிலேய அதிகாரி நெல்சனின் மதுரை மாவட்ட நூலைப் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அவர் ஆட்சியாளர் தரப்பிலிருந்து எழுதியவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் அது தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலோ மாநிலத் தொல்லியல் துறை வெளியீடுகளிலோ வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பழைய இதழ்களுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்தது, 1994இல் நூலகமாயிற்று. மதுரையிலேயே கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 முதல் இருக்கிறது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஊரில் வயதானவர்களிடம் உட்காருங்கள். காகிதம் காத்திருக்கும், அவர்களால் முடியாது. கண்மாய் மடைக்கு என்ன பெயர், பஞ்சத்தில் என்ன சாப்பிட்டார்கள், சந்தை எந்தக் கிழமை என்று கேளுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நூலிலிருந்து எடுத்தால் பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும் அப்போதே குறித்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பக்க எண் திரும்பக் கிடைக்காது.

ஒரு தாய், சேலம்: பன்னிரண்டு வயது மகளுக்கு அறிவியல்?

‘துளிர்’ மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட்டின் தமிழ் நூல்கள் விலை மலிவு, படங்களும் நன்றாக இருக்கும். பெ.நா.அப்புசாமியை நீங்கள் வாசித்துக் காட்டலாம். காட்டுயிர்களில் ஆர்வம் இருந்தால் சு.தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகள்.

புதிதாகக் கட்டுரை எழுதுபவர், திருச்சி: எழுதும்போது ஒற்று, சொல் பிரிப்பு எல்லாவற்றிலும் சந்தேகம். எந்த அகராதி?

இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதலில் வந்தது, நீங்கள் 2020இல் வந்த மூன்றாம் பதிப்பை வாங்குங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருப்பதுதான் அதன் பலம். பழைய சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், இணையத்திலேயே தேடலாம். ஆனால் நீங்கள் கேட்டது அகராதியில் தீராத சந்தேகம். அதற்கு ‘தமிழ் நடைக் கையேடு’ இருக்கிறது. சந்தி, சொற்களைச் சேர்ப்பது பிரிப்பது, நிறுத்தக்குறி எல்லாம் அதில் உண்டு. கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் அதை வாங்குங்கள்.