பேக்கப் இருக்கிறது, திரும்ப வருமா?

கேள்வி: எங்கள் சிக்கன நாணயச் சங்கத்தில் தினமும் இரவு பேக்கப் எடுக்கிறோம். பேரிடர் மீட்புத் திட்டமும் ஃபைலில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கட்டாயம். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்களின் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பேக்கப்பைத் தேடினால் இடம் காலி! பேக்கப் புரோகிராம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரின் 9.2 பதிப்பு, ஓடிய டேட்டாபேஸோ 9.6. ஒத்துப்போகாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நேற்றைய பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள். நெட் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் உறுப்பினர்களுக்கு எஸ்எம்எஸ் பறக்கும். சாஃப்ட்வேர் திறந்தால் போதாது. ரொக்க இருப்பு, அச்சிட்ட நாள்வழிப் புத்தகத்தோடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். ஐந்தாறு கடன் கணக்குகளையும் ஒப்பிடுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். திட்டத்தில் எழுதியிருப்பதைவிடப் பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும்.

வழக்கமாக பேக்கப் எடுப்பவர் இதில் கை வைக்கக் கூடாது. இன்னொருவர் திட்ட ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு செய்யட்டும். லைசென்ஸ் எண் வழக்கமாக எடுப்பவர் மண்டையில் மட்டும் இருப்பதும், பாஸ்வேர்டு அதே சர்வரில் கிடப்பதும் அப்போதுதான் வெளிப்படும்.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருந்தால் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) அதையும் பூட்டிவிடும். இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.