ஆக்ஸ்ஃபோர்டு – கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியைப் பார்க்க ஒரு நாளைச் செலவழிக்கலாமா?

“ஏப்ரலில் லண்டன் வருகிறேன். படகுப் போட்டியைக் கரையில் நின்று பார்த்தால் அரை நிமிடம்தான் தெரியுமாமே, டிவியே போதாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். டிவியில் பந்தயம் முழுதும் தெரியும், ஆறு தெரியாது. இரண்டு பல்கலைக்கழக அணிகளும் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் பட்னியிலிருந்து மார்ட்லேக் வரை 6.8 கி.மீ. தூரத்தை, கடல் ஓதம் ஏறும்போது அதோடு சேர்ந்து மேல்நோக்கித் துடுப்பு வலித்துக் கடக்கிறார்கள். அதனால்தான் தொடங்கும் நேரம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. நீரோட்டம் வேகமாக இருப்பது நடு ஆற்றில் ஒரு பட்டையளவுதான். இரண்டு படகுக்கும் அதுவே வேண்டும். சண்டையே அங்கேதான்.

முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் பட்னியில் போய்க் குவிகிறார்கள். நான் ஹாமர்ஸ்மித் பாலத்துக்குத் தெற்கே, சர்ரே கரை என்று சொல்லும் தென்கரை நடைபாதையில் நிற்பேன். அங்கேதான் நீண்ட வளைவு ஆரம்பிக்கிறது. பாலத்தைத் தாண்டும்போது முன்னால் இருக்கும் படகுதான் பெரும்பாலும் ஜெயிக்கும்.

2025 ஏப்ரல் 13 அன்றும் அங்கேதான் நின்றேன். பெண்கள் பந்தயத்தில் ஆரம்பத்திலேயே துடுப்புகள் மோதி, நடுவர் நிறுத்தி மறுபடி தொடங்க வைத்தார். எங்களுக்கு அது பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த போனில்தான் தெரிந்தது. பிறகு தலைக்குமேல் ஹெலிகாப்டர் சத்தம். பாலத்தடியில் இரண்டு படகுகள். எட்டுத் துடுப்பும் ஒரே நேரத்தில், அவற்றைப் படகோடு பிடித்திருக்கும் கொண்டியில் திரும்பும் ‘டக்’ கரைவரை கேட்டது. துடுப்பு வலிக்காமல் படகைத் திருப்பிக் கட்டளையிடும் காக்ஸின் குரல் மைக்கில் கரகரத்தது. அவர்கள் போனபின் நடுவர் படகும் பின்தொடரும் படகுகளும் கிளப்பிய அலை கரையேறி எங்கள் காலை நனைத்தது. அரை நிமிடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் நிலை அணிகளையும் சேர்த்தால் அன்றைக்கு நான்கு பந்தயம். நடுவில் நடக்கலாம், சாப்பிடலாம்.

“பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டு, நமக்கென்ன?” என்று கமெண்ட் வரும், தெரியும். கரையில் நிற்க டிக்கெட் கிடையாது. படகில் இருப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாதக்கணக்கில் விடியும் முன் எழுந்து குளிரில் பயிற்சி செய்வது இந்த ஒரு பந்தயத்துக்காக. உழைப்புக்கு மரியாதை கொடுக்கப் பரம்பரை பார்க்கத் தேவையில்லை.

எனக்கு அந்த வருடம் மனசு கொதித்தது வேறு காரணத்துக்கு. நான் இங்கே கணக்கு டீச்சர். கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் படித்துக்கொண்டிருந்த சிலருக்குப் படகில் இடமில்லை என்று ஆகிவிட்டது. அது பட்டப்படிப்பு இல்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு தரப்பு விதியைக் காட்டி ஆட்சேபித்தது, அதுவே நின்றது. விதி விதிதான், சரி. ஆனால் பகலில் வகுப்பறையில் முப்பது பிள்ளைகள், இரவில் மறுநாள் பாடத்துக்கான தயாரிப்பு, இடையில் கட்டுரைகள் என்று நானும் வேறொரு ஊரில் அதே படிப்பை முடித்தவள். ஊரிலிருந்து போன் செய்த பெரியப்பா “டீச்சர் டிரெயினிங்கா? வேற சீட் கிடைக்கலியாம்மா?” என்று கேட்டார். வாத்தியார் வேலைக்குப் படிப்பதைப் படிப்பாகவே மதிக்காத வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அன்று ஆண்கள், பெண்கள் முக்கியப் பந்தயம் இரண்டிலும் கேம்பிரிட்ஜ் ஜெயித்தபோது தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். எனக்கும் அந்தப் பல்கலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குடும்பத்தோடு வருகிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஹாமர்ஸ்மித் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் சேரும் முன்பே பாலத்தைத் தாண்டிவிடுங்கள். பந்தயம் முடிந்த பிறகும் ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், நடைபாதையின் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் வந்துவிடும். நனைந்தால் பரவாயில்லை என்கிற ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை ஆற்றில் கை வைக்க விடாதீர்கள். 2024-ல் தண்ணீரில் ஈ.கோலை கிருமி அதிகமாக இருந்ததால், ஜெயித்த அணி காக்ஸை ஆற்றில் தூக்கிப் போடும் பழைய வழக்கத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.