ராஜினாமா என்று எழுதுமுன் ஒரு நிமிடம்: ஓய்வூதியக் கேள்வி பதில்

கேள்வி: 2001-ஆம் ஆண்டு கடைசியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். இப்போது உதவியாளர். வயது 49. வேலையில் சேர்ந்து 24 வருடம் 4 மாதம் ஆகிறது. இடையில் மகள் உடம்புக்காக 7 மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். எனக்கான மருத்துவச் சான்று எதுவும் கொடுக்கவில்லை. மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது. ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நாற்றுவிட ஆள் வேண்டும். “24 வருஷம் பார்த்தாச்சு, பென்ஷன் எப்படியும் வரும், ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வா” என்கிறார் கணவர். கொடுக்கலாமா?

— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பம் பேசி முடிவெடுக்க வேண்டியது, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் விட்டால் விருப்ப ஓய்வில்தான் விட வேண்டும், ராஜினாமாவில் அல்ல.

தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-இல் விதி 23 என்று ஒன்று இருக்கிறது. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் முழுவதும் பறிபோகும் என்கிறது அது. பணிக்காலமே இல்லை என்றான பிறகு மாத ஓய்வூதியம் ஏது, பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஏது? உங்களுக்குப் பிறகு உங்கள் கணவருக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியமும் கிடையாது. ஜி.பி.எஃப். என்கிற வைப்பு நிதிப் பணம் மட்டும் திரும்பி வரும், ஏனென்றால் அது உங்கள் சம்பளத்தில் பிடித்த உங்கள் பணம். இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கு இப்படியா என்று கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. டெல்லி மின் விநியோக நிறுவனம் ஒன்றின் ஊழியர் வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு, முன்னதைப் பின்னதாக மாற்றிப் படிக்க முடியாது.

கருவூலத்தில் பென்ஷன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். கணவர் இறந்த பிறகு மஞ்சள் பையில் சான்றிதழ்களைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்ற பெண்களில் ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கணவருக்கு 22 வருட சர்வீஸ். அதிகாரியோடு ஏதோ மனத்தாங்கல், கோபத்தில் ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதே ஆள் விருப்ப ஓய்வுக்கான அடிப்படை விதி 56(3)-ஐக் குறிப்பிட்டு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்திருந்தால் அந்த அம்மாவுக்குச் சாகும்வரை மாதாமாதம் பணம் வந்திருக்கும். அவர் கையில் நான் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 50 வயது முடிந்திருக்க வேண்டும், அல்லது 20 வருடத் தகுதியான பணிக்காலம் இருக்க வேண்டும் என்பதுதான் விருப்ப ஓய்வுக்கான நிபந்தனை. உங்களுக்கு வயது இன்னும் ஆகவில்லை, சர்வீஸ் இருக்கிறது. ஆனால் 24 வருடம் 4 மாதம் முழுதும் கணக்கில் வராது. மருத்துவச் சான்று இல்லாத சம்பளமில்லா விடுப்பு தகுதியான பணிக்காலத்தில் சேராது என்பதால் அந்த 7 மாதத்தைக் கழித்துவிடுங்கள். மீதி 23 வருடம் 9 மாதம். ஓய்வூதியத்தை அரையாண்டுகளில்தான் கணக்கிடுவார்கள். 23 வருடத்துக்கு 46 அரையாண்டு, மிச்ச 9 மாதத்தில் ஒரு அரையாண்டு போக மூன்று மாதம் நிற்கிறது. மூன்று மாதமும் அதற்கு மேலும் இருந்தால் அதை முழு அரையாண்டாக எடுத்துக்கொள்வார்கள். ஆக, 48. ஒரு மாதம் குறைந்திருந்தால் 47-தான்!

நம் மாநிலத்தில் முழு ஓய்வூதியத்துக்கு 30 வருடம், அதாவது 60 அரையாண்டு வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். முழு ஓய்வூதியம் அதில் பாதி, 25,000. உங்களுக்கு அதில் 60-க்கு 48 பங்கு, 20,000 ரூபாய். இதற்கு மேல் அகவிலைப்படி தனி. விருப்ப ஓய்வில் போகிறவர்களுக்கு வெயிட்டேஜ் என்று அதிகபட்சம் 5 வருடம் கூட்டித் தருவார்கள், மொத்தம் 30-ஐத் தாண்டக் கூடாது. அது முழுதாகக் கிடைத்தால் 58 அரையாண்டு ஆகி, ஓய்வூதியம் 24,167-க்கு வந்துவிடும். பணிக்கொடைக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 80,000 என்று எடுத்துக்கொண்டால், அதில் கால் பங்கு 20,000. வெயிட்டேஜைச் சேர்க்காமல் 48-ஆல் பெருக்கினாலே 9,60,000 ரூபாய். கணக்கில் நிற்கும் ஈட்டிய விடுப்புக்கு 240 நாள் வரை காசு உண்டு. உங்களுக்குப் பின் கணவருக்குக் குடும்ப ஓய்வூதியம் சம்பளத்தில் 30 விழுக்காடு, அதாவது 15,000.

கணவர் சொன்னபடி ராஜினாமா எழுதிக் கொடுத்தால், மேலே சொன்ன ஓய்வூதியம், பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம் மூன்றுக்கும் நேரே பூஜ்யம் போட வேண்டியதுதான். இந்தப் பத்தியை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

விருப்ப ஓய்விலும் இழப்பு இல்லாமல் இல்லை. ஓய்வு வயது 2021-லிருந்து 60. உங்களுக்கு இன்னும் 11 வருடம் இருக்கிறது. பதவி உயர்வு எதுவும் இல்லாமல் ஆண்டுக்கு 3 விழுக்காடு ஊதிய உயர்வு மட்டும் வந்தாலே 50,000 என்பது 69,000-ஐத் தாண்டும். முழு சர்வீஸோடு அதில் பாதி 34,600. வெயிட்டேஜ் வருடத்தைக் கூட்டுமே தவிர சம்பளத்தைக் கூட்டாது. அதனால் ஒரு யோசனை: மாமனாருக்கு இப்போது ஆள் தேவைப்படுவது சில மாதங்களுக்குத்தான் என்றால், ஈட்டிய விடுப்பையும், அரைச் சம்பளத்தில் சொந்தக் காரணங்களுக்கான ஈட்டா விடுப்பையும் முதலில் பயன்படுத்துங்கள். பிசியோதெரபியில் முதல் ஆறு மாதம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நிலத்தை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு விட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வேலையை விட்டால் திரும்ப வாங்க முடியாது.

விட்டே தீர வேண்டும் என்றால், நோட்டீஸுக்கு முன்பே உங்கள் பணிப் பதிவேட்டை, அதாவது எஸ்.ஆரை, வாங்கி உட்கார்ந்து பாருங்கள். அரசின் ‘களஞ்சியம்’ இணையதளத்தில் இ-எஸ்.ஆர்., அதாவது மின்னணுப் பதிவேடு, இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம், மூல நோட்டைப் பாருங்கள். வருடாவருடம் ‘சம்பளப் பட்டியலுடன் பணி சரிபார்க்கப்பட்டது’ என்ற பதிவும் அதன் கீழே அலுவலகத் தலைவர் கையெழுத்தும் தேதியும் விடுபடாமல் இருக்க வேண்டும். மாறுதலாகிப் போன வருடங்களில்தான் பெரும்பாலும் ஓட்டை விழும். பழைய அலுவலகம் புதியவர்கள் போடுவார்கள் என்று விட்டிருக்கும், புதியவர்கள் பழையவர்கள் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டிருந்தால் அந்த நாட்கள் முறைப்படுத்தப்பட்ட பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். மாநிலக் கணக்காயர் அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்புவது இந்த மாதிரி விடுபட்ட வரிகளுக்காகத்தான்.

அப்புறம், தகுதியான பணிக்காலம் 20 வருடம் இருக்கிறதா என்று நியமன அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். நோட்டீஸும் அவருக்குத்தான் போக வேண்டும், உங்கள் மேலதிகாரிக்கு நகல். குறைந்தது மூன்று மாதம். ‘அடிப்படை விதி 56(3)-இன்படி விருப்ப ஓய்வு’ என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். ‘விலகிக்கொள்கிறேன்’, ‘பணியைத் துறக்கிறேன்’ போன்ற வார்த்தைகள் எங்கேயும் வரவே கூடாது. ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருந்தால் மறுப்பார்கள், அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2002-இல் ஒரு துறையில் சேர்ந்து, டி.என்.பி.எஸ்.சி. எழுதி வேறு துறைக்குப் போனேன். முதல் வேலையை ராஜினாமா செய்துதான் போனேன். அந்த வருடங்கள் போய்விட்டனவா?

— வாசகர், மயிலாடுதுறை

பதில்: துறை அனுமதியோடு விண்ணப்பித்து, வேறு அரசுப் பணியில் சேர்வதற்காக விலகியிருந்தால் போகாது. விதி 23-லேயே அந்த விலக்கு இருக்கிறது. அனுமதிக் கடிதமும் விடுவிப்பு ஆணையும் எஸ்.ஆரில் ஏறியிருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: விருப்ப ஓய்வில் போனாலும் கம்யூட்டேஷன் உண்டா?

— வாசகர், வலங்கைமான்

பதில்: உண்டு. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை மொத்தமாக வாங்கலாம். அதற்காக மாதாமாதம் ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். 15 வருடம் கழித்து அந்தப் பிடித்தம் நின்று முழு ஓய்வூதியம் திரும்பும். அகவிலைப்படி, பிடித்தத்துக்கு முந்தைய முழு ஓய்வூதியத்துக்கே கணக்கிடப்படும் என்பதால் அதில் நஷ்டம் வராது.