ஏசி சரியாகக் குளிரவில்லை, கேஸ் குறைந்துவிட்டதா?

அவசரப்பட்டு கேஸ் ஏற்றிவிடாதீர்கள். முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கள். ஃபில்டரிலும் உள் யூனிட்டின் காயிலிலும் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) தூசி அடைத்தாலே காயிலில் பனி கட்டும், கேஸ் அழுத்தம் அளக்கும் கேஜிலும் அழுத்தம் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஏற்றினால் கம்ப்ரசருக்குத்தான் கேடு.

சுத்தம் செய்து கால் மணி நேரம் ஓடவிடுங்கள். அப்புறம் உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் என்றால் பெரும்பாலும் சரி. புழுக்கமான நாளில் கொஞ்சம் குறையும். ஸ்பிளிட் ஏசியில் வித்தியாசம் மிகக் குறைந்து, வெளி யூனிட்டின் மெல்லிய குழாயில் பனி படிந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

ஆனால் கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. குழாய் நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். கசிவை அடைத்து, வேக்யூம் போட்டு (குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), ஏசி லேபிளில் உள்ள எடைக்குத் தராசு வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.