சீனாவின் பழைய செதுக்கு அரக்குப் பெட்டி அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள்?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, செதுக்கிய பள்ளத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள். எந்தப் பேரரசர் காலத்தது என்று சொல்லும், அடியில் உள்ள எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையால் செதுக்கியது என்றால் கத்தி போன தடம் இருக்கும். பல பெட்டிகளில் சிவப்புக்கு நடுவே மெல்லிய கறுப்பு வரி ஒன்று ஓடும். எவ்வளவு ஆழம் வந்திருக்கிறோம் என்று செதுக்குபவர் தெரிந்துகொள்ள வைத்த குறி அது. போலியாக அச்சில் வார்த்த பிசின் பெட்டியில் மூலைகள் மழுங்கியிருக்கும், ஊசிமுனை அளவுக் காற்றுக் குமிழிகள் தெரியும்.

இந்த அரக்கு பூச்சியிலிருந்து வருவதல்ல, மரத்தின் பால். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிப் பொங்குமோ, இதுவும் அப்படித்தான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பலகையில் பெட்டி செய்து, துணி ஒட்டி, அரக்கில் குழைத்த சாம்பலோ செங்கல் தூளோ பூசி இழைத்த பிறகுதான் வண்ண அரக்கு ஏறும். சிவப்புக்குச் சாதிலிங்கம் என்ற பாதரசத் தாது, மஞ்சளுக்கு அரிதாரம் என்ற ஆர்செனிக் தாது, பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலம்.

இது வெயிலில் காய்கிற சரக்கு இல்லை. அரக்கில் உள்ள நொதி காற்றின் ஆக்சிஜனை இழுத்து இறுக வைக்கிறது. அது வேலை செய்ய ஈரப்பதம் 70–80 சதவீதமும் மிதமான வெப்பமும் வேண்டும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கிவிடும், உள்ளே பச்சையாகவே நிற்கும். ஈரம் மிஞ்சி வேகமாக இறுகினால் சிவப்பு கறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு பூச்சும் மிக மெல்லியது; நூறு பூச்சு ஏற்றினாலும் சில மில்லிமீட்டர்தான் தேறும். பூசி முடிக்கவே மாதக்கணக்காகும். முழுதாகக் கெட்டிப்படுமுன் செதுக்கியாக வேண்டும், பிந்தினால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். கத்தி வழுக்கினால் ஒட்டுப்போட வழியில்லை.

14ஆம் நூற்றாண்டில், யுவான் அரச வம்சக் காலத்தின் கடைசியில், இந்தச் செதுக்கு வேலையில் பெயர் பெற்றவர்கள் ஜாங் செங், யாங் மாவ் இருவரும். ஜெஜியாங் மாகாணத்து சீதாங் ஊர்க்காரர்கள். ஜாங் செங்கின் மகன் ஜாங் தெகாங்கை யோங்லே பேரரசர் (1403–1424) பெய்ஜிங்கில் ‘பழத்தோட்டப் பட்டறை’ என்ற அரண்மனை அரக்குப் பட்டறைக்கு வரவழைத்தார். அக்காலத்து வேலையில் இதழ் விளிம்புகளைத் தேய்த்துத் தேய்த்து உருட்டியிருப்பார்கள். கத்தி பட்டதே தெரியாது. 16ஆம் நூற்றாண்டின் ஜியாஜிங் பேரரசர் காலத்தில் விளிம்பு கூராகவே விடப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் சியான்லுங் பேரரசரின் அரண்மனைக்காக சுஜோவ் நகரப் பட்டறைகள் செய்தவை நுணுக்கத்தில் அசரவைக்கும். ஆனாலும் யோங்லே காலத்து வழவழப்பு எனக்கு ஒரு படி மேல்.

அடியில் உள்ள எழுத்தை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். யோங்லே முத்திரை ஊசியால் கீறியது, மெல்லியது. சுவாந்தே பேரரசர் (1426–1435) கால முத்திரை கத்தியால் வெட்டிப் பொன் நிரப்பியது. பழைய யோங்லே முத்திரைக்கு மேலேயே சுவாந்தே முத்திரை வெட்டிய பெட்டிகளும் உண்டு, பிற்காலத்தில் புதிதாகச் சேர்த்தவையும் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சுவாந்தே காலச் செதுக்கு அரக்கு மேசை ஒன்று இருக்கிறது. அதில் டிராகன்களின் ஐந்தாவது நகத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஐந்து நகம் பேரரசருக்கே உரியது.

அசல் பெட்டியில் விரிசல் இருப்பது குறையல்ல. காற்று வறண்டால் உள்ளே மரம் சுருங்கும், அரக்கு கூடவே சுருங்காது, வெடிக்கும். ஏசி நேராக அடிக்கும் இடத்திலும் வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள். ஈரப்பதம் 50–55 சதவீதத்தில் நிலையாக இருந்தால் போதும். வெடித்த இடத்தில் சூப்பர் க்ளூ ஊற்றினால் பிறகு சரிசெய்பவர் அதைப் பிரிக்கவே திண்டாடுவார். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அசல் அரக்கு உருகாது என்பது உண்மைதான், ஆனால் கருகிய ஓட்டை அப்படியே நிற்கும்.