முதலாண்டுக் கட்டணத்தை மாமா கட்டுவார். மிச்சத்தை யார் கட்டுவது?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படித்து மூன்று பாடங்களிலும் சித்தியடைந்துள்ளாள். ஆனால் இஸட் புள்ளி பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. கனடாவிலுள்ள தாய்மாமன், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மென்பொருள் பட்டப்படிப்புக்குச் சேர்த்துவிடும்படியும் முதலாண்டுக் கட்டணம் தன் பொறுப்பு என்றும் சொல்கிறார். மகளோ மின்சாரம், அதிலும் சூரிய மின்சாரம் படிக்கவேண்டும் என்கிறாள். “பொம்பிளைப்பிள்ளை கூரையில ஏறுறதோ” என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். தாயாருக்கு இரவில் நித்திரை இல்லை.

அம்மா, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பினால் அடுத்த மாதமே காணி உறுதியோடு வங்கியில் நிற்பீர்கள். அதனால் நேராகச் சொல்கிறேன்: மகளை அந்தப் பட்டப்படிப்புக்கு அனுப்பாதீர்கள். முதலாண்டைக் கனடாவிலுள்ள உங்கள் அண்ணா கட்டுவார். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்கும் கொழும்பு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் யார் பொறுப்பென்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இடையில் நின்றுபோகும் பட்டத்துக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை, கடன் மட்டும் மிஞ்சும். மென்பொருள் கெட்ட தொழிலன்று. அதில் மனமுள்ள பிள்ளைக்கு நல்ல தொழில். உங்கள் மகளுக்கு அதில் மனமில்லை என்பதை நீங்களே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

அதே கடிதத்தில், போகிற போக்கில், இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊரின் யானைவேலி மின்சாரம் இன்றிக் கிடந்தபோது, மகள் ஒரு பழைய மீட்டரை எடுத்துக்கொண்டு வேலியோரம் நடந்து, கொடி படர்ந்து கம்பியை நிலத்தோடு தொடுத்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பிறகு பற்றரியும் செத்துவிட்டது என்று சொன்னாள். நீங்கள் அதைக் குறும்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு பந்தி அவளுடைய பெறுபேற்றுத் தாளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பல்கலைக்கழகம், ஆசிரியர் தொழில், அரச எழுதுவினைஞர் பரீட்சை ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. யாரும் சொல்லாதது சூரிய மின் தொகுதிகளைப் பரிசோதித்துப் பராமரிக்கும் தொழினுட்பவியலாளர் என்ற வேலை. 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவதென்று இலங்கை இலக்கு வைத்திருக்கிறது. 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்துக்குப் பிறகு கூரைத் தகடுகள் ஊரூராகப் பரவின; மன்னாரில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. பூட்டுவதற்கு ஆள் வந்து போகிறார்கள். பூட்டியது ஐந்தாம் வருடத்தில் படுத்தால், வந்து பார்க்க வன்னியில் ஆள் தேடவேண்டியிருக்கிறது.

அந்த வேலை எப்படிப்பட்டதென்று சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும். பத்துத் தகடுகளைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 400 வோல்ட் நேரோட்ட (டீ.சி.) மின்சாரம் வருகிறது; வெயில் இருக்கும்வரை அதைத் தகட்டில் நிறுத்த முடியாது, ஓட்டம் உள்ளபோது இணைப்பைக் கழற்றினால் எழும் தீப்பொறி எளிதில் தானாக அணையாது. ஆகவே எதை முதலில் நிறுத்துவது, எதை அளந்த பிறகு கையை வைப்பது என்ற ஒழுங்கு இந்தத் தொழிலின் உயிர். சரியாக நெரிக்கப்படாத ஒரு வயர் முனை மாதக்கணக்கில் சூடேறி ஒருநாள் கருகும்; அதை முன்கூட்டிப் பிடிப்பவளுக்குத்தான் சம்பளம். நிலத்தொடுப்பை, அதாவது மின்னைப் பாதுகாப்பாக மண்ணுக்குள் இறக்கும் கம்பியை, எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் மண் ஈரமாக இருக்கும்போது அளந்தால் எல்லா வீட்டிலும் நல்ல அளவு காட்டும். ஆவணியில் செம்மண் வெடித்துக் கிடக்கும்போது அதே கம்பி பல மடங்கு தடை காட்டும், அடுத்து வரும் ஐப்பசி இடிமின்னலுக்கு, தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் பலியாகும். இதைக் கொழும்பிலிருந்து வரும் கம்பனிக்காரர் யோசிக்கமாட்டார். இந்த மண்ணில் பிறந்தவள் யோசிப்பாள். தோட்டக் கிணறுகள் இன்னொரு பக்கம். 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற விவசாயிகளுக்குச் சூரிய நீர்ப்பம்பியின் அருமை தெரியும், ஆனால் கிணற்றின் ஆழத்தையும் கோடையில் நீர் இறங்கும் மட்டத்தையும் பார்த்துப் பம்பியைக் கணக்கிட்டுத் தர ஊரில் ஆளில்லை.

அண்ணா மறுத்துச் சொல்லக்கூடியதையும் இப்போதே பார்த்துவிடுவோம். மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் இந்தியாவின் அதானி நிறுவனம் விலகியதையும், அவ்வருடச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டதையும் அவர் செய்தியில் பார்த்திருப்பார். இரண்டும் உண்மை. பாவனை குறைந்த விடுமுறைப் பகலில் வெயில் அதிகமானால் மின்வலையமைப்பின் சமநிலை குலையும். அதைத் தாங்கப் பற்றரிச் சேமிப்பும் கட்டுப்படுத்தக்கூடிய இன்வேர்ட்டர்களும் தேவைப்படுகின்றன. அதாவது, தகடு பூட்டுவதை மட்டும் கற்றவனுக்கு வேலை ஆடும், மின்சாரத்தை அடிப்படையிலிருந்து கற்றவளுக்குக் கூடும். மூன்று நாளில் ‘சோலார் சான்றிதழ்’ தருவதாக விளம்பரம் செய்யும் இடங்களின் பக்கம் போகவேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே மின் தொழினுட்பத்தில் தேசிய தொழிற் தகைமை, நாம் என்.வி.கியூ. என்று சொல்வது, பெறலாம். நான்காம் மட்டம் கைத்தேர்ச்சி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். டிப்ளோமாவோடு, தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகமாகிய இரத்மலானை யூனிவொடெக்கில் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். “பட்டம் இல்லையே” என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: கதவு மூடப்படவில்லை, பணம் கொட்டாமல் வேறு வழியாகப் போகிறோம். அடுத்த சேர்ப்பு எப்போது, கட்டணம் ஏதும் உண்டா, பெண்பிள்ளைகளுக்கு விடுதி இருக்கிறதா என்பவற்றை நேரில் போய்க் கேளுங்கள்; மகளையே கேட்க விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

கூரை விடயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை: ஏறத்தான் வேண்டும். பாதுகாப்புப் பட்டி தராத முதலாளியிடம் ஆணும் ஏறக்கூடாது, பெண்ணும் ஏறக்கூடாது. அதை முதல்நாளே கேட்கச் சொல்லுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையில் சலாகை எங்கே ஓடுகிறதென்று தெரியாமல் கால் வைப்பவர் யாராயிருந்தாலும் விழுவார்.

அண்ணாவின் மனத்தையும் நோகடிக்க வேண்டாம். உதவவேண்டுமென்ற அவருடைய எண்ணம் நல்லது. மகள் நான்காம் மட்டத்தை முடித்த பிறகு வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு நல்ல கிளாம்ப் மீட்டரும், வயரின் காப்புறை மின்னைக் கசியவிடாமல் இருக்கிறதா என்று அளக்கும் கருவியும் வாங்கித் தரும்படி கேளுங்கள்; அந்தப் பட்டப்படிப்பின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. எந்த வகைக் கருவி என்பதை அவளே எழுதி அனுப்பட்டும்.