முயல் புழுக்கை: ட்ரேயைக் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க

கேள்வி: டாக்டர், எங்க முயலோட புழுக்கை ஒரு வாரமா மிளகு சைஸ்ல பொடிசா வருது, முன்னாடி நல்லா பெருசா இருக்கும். சாப்பிடுது, ஓடுது, அதனால வீட்ல எல்லாரும் ஒண்ணும் இல்லங்கறாங்க, எனக்குத்தான் மனசு கேக்கல.

பதில்: உங்க மனசு சொல்றதுதான் சரி. முயல் வலிச்சா கத்தாது, முடிஞ்ச வரைக்கும் மறைச்சுக்கும், அதனால ட்ரேயில கிடக்கறத வச்சுத்தான் நாம கண்டுபிடிக்கணும். நல்லா இருக்கற முயல் ஒரு நாளைக்கு 200லேந்து 300 புழுக்கை போடும், சிலது அதுக்கு மேலயும் போடும். அதுக்காக எண்ணிட்டு உக்காராதீங்க, சுத்தம் பண்றப்போ வழக்கமான குவியல்தானா, எல்லாம் உருண்டையா கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கான்னு பாத்தா போதும். ஒண்ண எடுத்து நசுக்கிப் பாருங்க (கைய கழுவிக்கலாம், என்ன இப்ப), உள்ள புல்லு நாரா உதிர்ந்தா வயிறு ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தம்.

பொடிசா, கெட்டியா, கோணல்மாணலா வந்தா நார்ச்சத்து சரியா உள்ள போகல, இல்லன்னா குடல் மெதுவாயிடுச்சு. உங்க விஷயத்துல எனக்கு முதல் சந்தேகம் பல்லு மேல. முயலுக்கு பல்லு சாகற வரைக்கும் வளந்துட்டே இருக்கும், கடவாப்பல்லுல கூரா முனை வந்து நாக்கையும் கன்னத்தையும் குத்துனா காய்ஞ்ச புல்ல மெல்ல முடியாம விட்டுட்டு மெத்துன்னு இருக்கறத மட்டும் தின்னும், நாமளும் அதான் சாப்பிடுதேன்னு விட்டுடுவோம். அதனால சாப்பிடுதான்னு பாக்காதீங்க, புல்லு எவ்ளோ குறையுதுன்னு பாருங்க. வெளியூர் போயிட்டு வந்த மறுநாள் மட்டும் சின்னதா வந்தா பரவால்ல, ஒரு வாரம்ங்கறது ஜாஸ்தி, முயல் பாத்து பழக்கம் உள்ள டாக்டர்கிட்ட காட்டி பின்பல்ல பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: வாலுக்கு கீழ கருப்பா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு ஒரே நாத்தம். பேதியா?

பதில்: கூடவே உருண்டை புழுக்கையும் வருதுன்னா பெரும்பாலும் பேதி இல்ல. முயல் ரெண்டு விதமா போடும். இன்னொண்ணு கருப்பா, பளபளன்னு, சின்னச் சின்ன உருண்டை கொத்தா ஒட்டி வரும், அத முயலே வாய் வச்சு நேரா தின்னுடும், அருவருப்பா நினைக்காதீங்க, அதுல பி வைட்டமினும் புரதமும் இருக்கு, அது முயலுக்கு வேணும். அது மிச்சம் விழுதுன்னா பெல்லட் தீவனம், பழம், கேரட் எல்லாம் ஓவராயிடுச்சு, இல்ல முயல் குண்டாகியோ மூட்டு வலியாலயோ வளைஞ்சு எடுக்க முடியல. மொத்த சாப்பாட்டுல 80 சதவீதத்துக்கு மேல புல்லா இருக்கட்டும், தீனிய குறைங்க. அடிப்பக்கத்த தினமும் பாத்து துடைங்க, ஈ முட்டை வச்சா புழு வச்சு ஒரே நாள்ல உயிருக்கே ஆபத்தாயிடும். நிஜ பேதி தண்ணியா போகும், உருண்டையே இருக்காது. அப்படின்னா அன்னிக்கே டாக்டர், குட்டின்னா ஒரு மணி நேரம்கூட தள்ளாதீங்க.

கேள்வி: புழுக்கை முடியில கோத்துக்கிட்டு மாலையா வருதே?

பதில்: முடி உதிர்ற சீசன்ல நக்கி நக்கி உள்ள போற முடி அது. தினமும் சீவி விடுங்க, புல்லும் தண்ணியும் கூட வைங்க. சைஸும் குறைஞ்சா மட்டும் கவலைப்படுங்க.

கேள்வி: நேத்து ராத்திரிலேந்து ஒரு புழுக்கைகூட இல்ல, பிடிச்ச வாழைப்பழத்தையும் தொடல, ஒரு மூலையில குறுகி உக்காந்திருக்கு. நாளைக்கு வரைக்கும் பாக்கலாமா?

பதில்: இது அச்சாகி வர்றதுக்குள்ள நீங்க போயிருப்பீங்கன்னு நம்புறேன், மத்தவங்களுக்காக சொல்றேன். 10, 12 மணி நேரம் சாப்பாடும் இல்ல புழுக்கையும் இல்லன்னா குடல் நின்னுடுச்சுன்னு எடுத்துக்கிட்டு அப்பவே கிளம்பணும், பல்ல நறநறன்னு கடிச்சா அது வலி, அதுக்கும் முன்னாடியே கிளம்புங்க. முயலுக்கு வாந்தி எடுக்க வராது, உள்ள போனது பின்னாடிதான் போயாகணும். வயிறு உப்பி கெட்டியா இருந்தா சிரிஞ்சுல எதையும் ஊட்டாதீங்க, அடைப்புன்னா மோசமாயிடும். வீட்ல இருக்கற மனுஷங்க மாத்திரை வேண்டவே வேண்டாம், அமாக்ஸிசிலின் வாய் வழியா போனா குடல்ல இருக்கற நல்ல கிருமி செத்து முயலே போயிடலாம். உடம்பு சில்லுன்னு இருந்தா துணி சுத்தி கொண்டு போங்க, கடைசியா எப்ப புழுக்கை போட்டுச்சுன்னு டாக்டர் கேப்பார், யோசிச்சு வச்சுக்கோங்க.

கேள்வி: ரெண்டு முயலுக்கு ஒரே ட்ரே, யாரு போடலன்னு எப்படி தெரியும்?

பதில்: தெரியாது. சந்தேகம் வந்தா நடுவுல கம்பித் தடுப்பு வச்சு ஒண்ண ஒண்ணு பாத்துக்கற மாதிரி சில மணி நேரம் தனித்தனியா விடுங்க, ஆளுக்கொரு ட்ரே வைங்க.